கல்முனை: முதல்வர் கதிரையும் ஊர்களின் கணக்கும்

2025 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி இலங்கையின் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. நாட்டிலுள்ள மன்றங்களின் மொத்தத் தொகை 341 ஆகும். எல்பிட்டிய பிரதேச சபைக்கு 2024 ஒக்டோபர் மாதத்திலேயே தேர்தல் நடந்து முடிந்திருந்தது. எஞ்சியிருந்த ஒரேயொரு மன்றம் கல்முனை மாநகர சபை. நீதிமன்ற வழக்கின் காரணமாக அங்கு மட்டும் வாக்களிப்பு நிலையங்கள் திறக்கப்படவில்லை. 2018 இல் தெரிவான சபையின் காலம் 2023 மார்ச் 19 ஆம் திகதி முடிவடைந்தது முதல், மக்கள் பிரதிநிதிகள் எவருமின்றி அதிகாரிகளே நடத்திவந்த ஒரு மாநகரம், நாடே வாக்களித்த அந்த நாளிலும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது.

முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் அரசியற் களமாக விளங்கிய நகரம் இது. அக்கட்சியின் இதயம் என்று மேடைகளில் வர்ணிக்கப்படுவதும் இந்நகரமே. அத்தகைய ஊருக்கு இக்கதி ஏன் நேர்ந்தது என்ற கேள்விக்கு வழக்கையும் சட்டத்தையும் மட்டும் காரணமாகக் காட்டுவது போதுமானதன்று. அந்த வழக்கு எங்கிருந்து முளைத்ததோ அந்த வேரைத் தேட வேண்டும். அவ்வாறு தேடுகின்றபோது, கல்முனையின் முதல்வர் பதவியைச் சில காலம் வகித்து, அதனை இடைநடுவில் கையளிக்க நேர்ந்த ஓர் உள்ளூர் அரசியல்வாதியின் வரலாறு நமக்குப் பல உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. அவர்தான் சாய்ந்தமருதைச் சேர்ந்த சிராஸ் மீராசாஹிப்.

2011 இன் முடிவும் உடன்பாடும்

2011 ஆம் ஆண்டு ஒக்டோபர் 8 ஆம் திகதி கொழும்பு, கண்டி, கல்முனை உள்ளிட்ட 23 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. கல்முனை மாநகர சபையின் 19 ஆசனங்களில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் 11 ஆசனங்களைக் கைப்பற்றியது. தமிழரசுக் கட்சியின் சின்னத்தில் களமிறங்கிய தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 4 ஆசனங்களையும், ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 3 ஆசனங்களையும், ஐக்கிய தேசியக் கட்சி ஓர் ஆசனத்தையும் பெற்றன. முஸ்லிம் காங்கிரஸுக்குத் தனித்து ஆட்சியமைக்கும் பலம் கிடைத்தது. ஆகவே, எந்தக் கட்சி ஆளும் என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. எந்த ஊர் ஆளும் என்பதே கேள்வியாயிற்று.

அன்றைய விகிதாசார முறையில் வாக்காளர் ஒருவர் தாம் விரும்பும் கட்சிக்கு வாக்களித்த பின்னர், அதன் பட்டியலில் உள்ள மூவருக்கு விருப்பு வாக்கை அளிக்கலாம். கட்சிக்காரர்களுக்குள்ளேயே போட்டியை மூட்டிவிட்ட இம்முறை, கல்முனையில் ஊர்களுக்கிடையிலான போட்டியாக உருவெடுத்தது. கட்சியின் முதன்மை வேட்பாளராகக் கருதப்பட்டவர் சட்டத்தரணி நிஸாம் காரியப்பர். எனினும், சாய்ந்தமருது மக்கள் திரண்டு வாக்களித்ததன் பயனாக விருப்பு வாக்குகளில் முதலிடத்தைப் பெற்றவர் சிராஸ் மீராசாஹிப்.

அதிக விருப்பு வாக்குப் பெற்றவரே முதல்வராக வேண்டும் என்று சாய்ந்தமருது மக்கள் வாதிட்டனர். கட்சியின் மூத்த செயற்பாட்டாளரும் சட்ட அறிவு மிக்கவருமான ஒருவரை ஒதுக்கிவிட முடியாது என்று மறுதரப்பு வாதிட்டது. இரு வாதங்களிலும் நியாயம் இருந்தது. கட்சித் தலைவர் ரவூப் ஹக்கீம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டார். நான்காண்டுப் பதவிக்காலத்தை இரண்டாகப் பங்கிட்டு, முதல் இரண்டாண்டுகளைச் சிராஸுக்கும் அடுத்த இரண்டாண்டுகளை நிஸாமுக்கும் வழங்குவதென முடிவு செய்யப்பட்டது. அன்றைய நெருக்கடியைத் தணிப்பதற்கு அது உதவியது உண்மையே. ஆனால், இரண்டாண்டுகள் கழித்து வரப்போகும் நெருக்கடியை அது நாட்காட்டியில் குறித்தும் வைத்தது.

எதிர்பார்த்தவாறே 2013 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த நாள் வந்தது. பதவியை விட்டுக்கொடுக்குமாறு கட்சி கோரியது. சாய்ந்தமருதில் எதிர்ப்பு எழுந்தது. இழுபறியின் பின்னர் சிராஸ் மீராசாஹிப் பதவி விலக, நிஸாம் காரியப்பர் முதல்வரானார். இழுபறியோடு நிகழ்ந்த அக்கைமாற்றம், கட்சிக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையே ஒரு விரிசலை ஏற்படுத்திச் சென்றது.

அதன் பின்னர் சிராஸின் அரசியல் முஸ்லிம் காங்கிரஸுக்கு வெளியே நகர்ந்தது. 2015 ஆம் ஆண்டு பொதுத் தேர்தலில் அவர் அகில இலங்கை மக்கள் காங்கிரஸின் சார்பில் திகாமடுல்ல மாவட்டத்தில் போட்டியிட்டார். அக்கட்சி அம்மாவட்டத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றபோதிலும் ஓர் ஆசனத்தையேனும் பெற முடியவில்லை. மாநகரம் முழுவதிலும் மிகுதியான விருப்பு வாக்குகளைப் பெற்ற ஒருவர், நான்காண்டுகளுக்குள் நாடாளுமன்ற வாயிலை எட்டாமலேயே திரும்ப நேர்ந்தது. மறுபுறத்தில், அவருக்குப் பின் முதல்வரான நிஸாம் காரியப்பர் கட்சியின் செயலாளராக உயர்ந்து, 2024 டிசம்பரில் தேசியப் பட்டியல் ஊடாக நாடாளுமன்ற உறுப்பினரானார்.

ஒரே கதிரையில் அடுத்தடுத்து அமர்ந்த இருவரின் பாதைகள் இவ்வாறு பிரிந்ததற்குக் காரணம் என்ன? ஒருவர் நகரத்தின் குப்பையைச் சிறப்பாக அகற்றினார், மற்றவர் அகற்றத் தவறினார் என்பதா? நிச்சயமாக இல்லை. அவர்களது நிர்வாகத்தை ஒப்பிட்டு எவரும் வாக்களிக்கவில்லை. ஒருவர் கட்சிக்குள் இருந்தார், மற்றவர் வெளியேறினார் என்பது மட்டுமே வேறுபாடு. நமது உள்ளூராட்சி அரசியலின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் இருக்கின்றது.

கதிரை எவருக்குச் சொந்தம்?

பதவிப் பங்கீட்டு உடன்பாட்டைப் பற்றிப் பேசுகின்றபோது இரு தரப்பாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினர்: அமானிதம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது அமானிதம் என்று ஒரு தரப்புக் கூறியது. மக்கள் அளித்த வாக்கைப் பேணுவதே அமானிதம் என்று மறுதரப்புக் கூறியது. உண்மையில் ஒரு பதவி இரண்டு அமானிதங்களையும் ஒருங்கே சுமக்கின்றது. அவை மோதுகின்ற இடத்தில், வாக்காளரிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது எது என்பதே தீர்ப்புக்குரிய அளவுகோலாக இருக்க வேண்டும். 2011 இல் பதவி பங்கிடப்படும் என்று வாக்காளரிடம் எவரும் சொல்லவில்லை. முடிவு வந்த பின்னரே பங்கீடு நிகழ்ந்தது. மக்களின் தீர்ப்பின் மீது மக்களுக்குத் தெரியாத நிபந்தனை ஒன்று பின்னர் ஏற்றப்பட்டது என்பதே அதன் பலவீனம்.

இத்தகைய சிக்கல் கல்முனைக்கு மட்டும் உரியதன்று. தலைநகர் கொழும்பில் 2006 ஆம் ஆண்டு இதனிலும் விசித்திரமான ஒன்று நிகழ்ந்தது. ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டதால், பல ஆண்டுகளாகத் தனது கோட்டையாக இருந்த கொழும்பு மாநகர சபைக்கு அக்கட்சியால் போட்டியிட முடியாமற்போனது. மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் போட்டியிட்ட ஒரு சுயேச்சைக் குழுவுக்கு வாக்களிக்குமாறு அது தனது ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டது. அக்குழுவே அதிக ஆசனங்களைப் பெற்றது. வெற்றி பெற்றவர்கள் விலகிக் கட்சி குறிப்பிடுபவர்களுக்கு இடமளிக்க வேண்டும் என்பது கட்சியின் எதிர்பார்ப்பு. அவர்களோ விலக மறுத்தனர். முச்சக்கர வண்டிச் சாரதியாகத் தொழில் புரிந்த உவைஸ் முஹம்மத் இம்தியாஸ் கொழும்பு மாநகர முதல்வரானார்.

செல்வந்தர்களும் பிரபுக்களும் அமர்ந்த ஆசனத்தில் ஒரு சாதாரண உழைப்பாளி அமர்ந்தமை அன்று பலரது புருவத்தை உயர்த்தியது. ஏளனம் செய்தோரும் உண்டு, பெருமைப்பட்டோரும் உண்டு. ஆனால், கட்சிப் பின்பலம் அற்ற அந்த முதல்வரால் நிலைத்து நிற்க முடியவில்லை. சபை கலைக்கப்பட்டு, 2011 தேர்தல் வரையில் நகரம் விசேட ஆணையாளரின் பொறுப்பில் விடப்பட்டது. அத்தேர்தலில் வெற்றியீட்டிய ஏ.ஜே.எம். முஸம்மில், கட்சியின் பலத்தோடு முதல்வரானவர். பின்னாளில் மேல் மாகாணத்துக்கும் ஊவா மாகாணத்துக்கும் ஆளுநராகப் பதவி வகித்தார்.

கொழும்பில் இம்தியாஸ் விலக மறுத்தார், கல்முனையில் சிராஸ் இழுபறியின் பின் விலகினார். முடிவு இருவருக்கும் ஒன்றாகவே அமைந்தது. முதல்வர் கதிரை மக்களுக்குச் சொந்தம் என்பது பேச்சளவில்தான், நடைமுறையில் அது கட்சிச் செயலகத்தின் சொத்து என்பதையே இவ்விரு நிகழ்வுகளும் எடுத்துக்காட்டின.

ஏணியா, இறுதிப் படியா?

உள்ளூராட்சி மன்றம் ஒரு காலத்தில் தலைவர்களை உருவாக்கும் பாடசாலையாக இருந்தது. கொழும்பு மாநகரின் தெரிவு செய்யப்பட்ட முதலாவது முதல்வராக 1937 இல் பொறுப்பேற்றவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து என்ற தமிழர். தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவும் இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேராவும் அப்பதவியை அலங்கரித்தவர்களே. 1960 இல் கொழும்பின் முதல் முஸ்லிம் முதல்வரான எம்.எச். முஹம்மத், பின்னர் அமைச்சராகி, 1989 முதல் நாடாளுமன்றத்தின் சபாநாயகராகவும் விளங்கினார். 1950 இல் கொழும்பு மாநகர சபையின் ஓர் உறுப்பினராகத் தமது பயணத்தைத் தொடங்கிய ஆர். பிரேமதாச, பிரதி முதல்வராகி, இறுதியில் 1989 இல் ஜனாதிபதியானார்.

உலக அரங்கிலும் இதற்குச் சான்றுகள் உள. 1994 இல் இஸ்தான்புல் நகரத்தின் மேயரான ரஜப் தையிப் அர்தூகான், தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் குப்பை மலைகளையும் எதிர்கொண்டு பெற்ற நற்பெயரின் மீதே தமது தேசிய அரசியலைக் கட்டியெழுப்பினார். இந்தோனேசியாவின் ஜோகோ விடோடோ, சோலோ என்ற நகரின் மேயராக 2005 இல் தொடங்கி, ஜகார்த்தாவின் ஆளுநராகி, 2014 இல் ஜனாதிபதியானார். அண்டையிலுள்ள தமிழகத்தில், 1996 இல் நேரடித் தேர்தல் மூலம் சென்னை மாநகர மேயரான மு.க. ஸ்டாலின், நகரின் மேம்பாலங்களைத் தமது அடையாளமாக்கிக்கொண்டார். ஒருவர் இரட்டைப் பதவி வகிப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2002 இல் வந்ததால் மேயர் பதவியை இழந்தாலும், 2021 இல் முதலமைச்சராக அவர் உயர்ந்தார்.

இவர்களது கொள்கைகளை ஏற்போரும் இருப்பர், மறுப்போரும் இருப்பர். எனினும் ஒன்று தெளிவு. ஒரு நகரத்தைச் சில ஆண்டுகள் இடையூறின்றி நிர்வகித்து, அந்த நிர்வாகத்தின் பெயரால் மக்களிடம் மீண்டும் வாக்குக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. கல்முனையில் அவ்வாய்ப்பு எவருக்கும் கிட்டவில்லை. 2006 இல் தெரிவான சபையின் முதல்வரான எச்.எம்.எம். ஹரீஸ் நாடாளுமன்ற அரசியலுக்குச் சென்றார். மருதமுனையின் முதுபெரும் அரசியல்வாதியும் முன்னாள் செனட்டருமான மர்ஹூம் மசூர் மௌலானாவும் அப்பதவியை வகித்தார். அதன்பின் சிராஸ், அடுத்து நிஸாம் காரியப்பர், 2018 இல் ஏ.எம். றகீப். வந்தவர்களில் எவரும் தமது ஆட்சியின் கணக்கை மக்கள் முன் வைத்து, முதல்வர் என்ற தகுதியோடு மீண்டும் அப்பதவிக்காக வாக்குக் கேட்டு வென்றதில்லை. இரண்டாண்டே தமக்குரியது என்பதை அறிந்த ஒருவர், ஐந்தாண்டுகளில் பலன் தரும் ஒரு வடிகான் திட்டத்தையோ திண்மக்கழிவுத் திட்டத்தையோ தொடங்க எவ்வாறு மனங்கொள்வார்?

நான்கு சபைகளின் நிழல்

ஊருக்கொரு முதல்வர் என்ற இந்தக் கணக்கு ஏன் எழுகின்றது என்பதையும் நோக்க வேண்டும். இன்று கல்முனை மாநகரம் என்று அழைக்கப்படும் பிரதேசம் ஒரு காலத்தில் நான்கு உள்ளூராட்சி மன்றங்களாக இயங்கியது. கல்முனைப் பட்டின சபை, கரைவாகு வடக்கு, கரைவாகு மேற்கு, கரைவாகு தெற்குக் கிராம சபைகள் என்பனவே அவை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் விளைவாக இவை ஒன்றாக்கப்பட்டன. 2001 இல் கல்முனை மாநகர சபையாகத் தரமுயர்ந்தது. கரைவாகு தெற்கு என்பதே சாய்ந்தமருது.

தனக்கென ஒரு சபையை வைத்திருந்த ஊர் அதனை இழந்தபோது, அதற்கு ஈடாக எதிர்பார்த்தது முதல்வர் பதவியை. 2011 இல் அது கைக்கு எட்டியது. 2013 இல் அது பறிக்கப்பட்டதாக அவ்வூர் மக்கள் உணர்ந்தனர். அந்த உணர்வு நியாயமானதா இல்லையா என்பது வேறு விடயம். அதன் விளைவுகள் கண்கூடானவை. தனிச் சபைக் கோரிக்கை வலுப்பெற்றது. தேர்தல் மேடைகளில் வாக்குறுதிகள் வழங்கப்பட்டன. அவை நிறைவேறாதபோது, 2017 ஒக்டோபர் இறுதியில் சாய்ந்தமருது நாட்கணக்கில் கதவடைத்துத் தனது எதிர்ப்பைக் காட்டியது. ஜும்ஆப் பள்ளிவாசலின் நிர்வாகம் முன்னின்று சுயேச்சைக் குழுவொன்றைக் களமிறக்க, 2018 பெப்ரவரித் தேர்தலில் அவ்வூரின் வட்டாரங்கள் அக்குழுவின் வசமாயின. கட்சிகளை ஊர் நிராகரித்தது.

2020 பெப்ரவரி 14 ஆம் திகதியிட்ட வர்த்தமானி மூலம் சாய்ந்தமருதுக்குத் தனியான நகர சபை அறிவிக்கப்பட்டது. வெடி கொளுத்தி மகிழ்ந்த மக்களின் ஆரவாரம் அடங்குவதற்குள், சில நாட்களிலேயே அமைச்சரவை அதனை இடைநிறுத்தியது. கொடுத்ததைப் பறிப்பது கொடாமல் இருப்பதைக் காட்டிலும் கொடிது என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் கல்முனைத் தரப்பின் அச்சத்தையும் நாம் நேர்மையாக எடைபோட வேண்டும். சாய்ந்தமருது மட்டும் பிரிந்து சென்றால், எஞ்சிய மாநகரத்தில் முஸ்லிம்களின் பெரும்பான்மை சுருங்கும், முதல்வர் பதவியே கைநழுவலாம் என்பது அவர்களது கவலை. ஆகவே, பிரிப்பதாயின் பழைய நான்கு சபைகளையும் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும் என்றனர். மறுபுறம், கல்முனை வடக்குத் தமிழ் மக்கள் தமது உப பிரதேச செயலகத்தை முழுமையான செயலகமாகத் தரமுயர்த்துமாறு பல்லாண்டுகளாகக் கோரி வருகின்றனர். 2019 ஜூன் மாதத்தில் அதற்காக உண்ணாவிரதம் வரை சென்றனர். உள்ளூராட்சி எல்லையும் பிரதேச செயலக எல்லையும் சட்டத்தில் வெவ்வேறானவை. எனினும், கல்முனையின் தெருக்களில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஒரே அச்சமாகவே உணரப்படுகின்றன.

முதல்வர் பதவி என்ற ஒற்றைக் கதிரையில் இத்தனை அச்சங்களையும் ஏற்றி வைத்தால், அது உடையாமல் என்ன செய்யும்? சாய்ந்தமருதின் மானம், கல்முனைக்குடியின் முதன்மை, மருதமுனையின் பங்கு, பாண்டிருப்புத் தமிழரின் பாதுகாப்பு, கட்சித் தலைமையின் அதிகாரம் என யாவற்றையும் ஒரு மனிதர் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம். அம்மனிதர் சிராஸாக இருந்தாலென்ன, வேறொருவராக இருந்தாலென்ன, விளைவு பெரிதும் மாறியிராது.

முதல்வரின் உண்மையான வேலை

மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கத்தைக் கொண்டது. அச்சட்டம் முதல்வரிடம் எதிர்பார்ப்பது மிக எளிமையானவை. உள்வீதிகள், வடிகான்கள், தெருவிளக்குகள், பொதுச் சந்தை, பொதுச் சுகாதாரம், நூலகம், கட்டட அனுமதி, சோலைவரி அறவீடு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குப்பை. ஓர் ஊரின் மானத்தை மீட்டுத் தருமாறு எந்தப் பிரிவும் கூறவில்லை.

குப்பையையே எடுத்துக்கொள்வோம். கரையோரத்தில் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில், வீட்டோடு வீடு நெருங்கிய குடியிருப்புகளைக் கொண்ட கல்முனையில் குப்பை கொட்டுவதற்கு இடமில்லை. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான பல மன்றங்களின் கழிவு அட்டாளைச்சேனைப் பக்கத்திலுள்ள பள்ளக்காட்டுக்குச் சென்று சேர்ந்தது. அங்கு பொலித்தீனைத் தின்று காட்டு யானைகள் இறந்த செய்தி 2022 ஜனவரியில் உலக ஊடகங்களில் வெளிவந்தது. எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக அச்செய்திகள் தெரிவித்தன. தமிழரின் குப்பை எது, முஸ்லிம்களின் குப்பை எது, சாய்ந்தமருதின் குப்பை எது என்று யானை பிரித்துப் பார்க்கவில்லை. எல்லைக்காகச் சண்டையிட்ட மன்றங்கள் ஒன்றுகூடித் தீர்க்க வேண்டிய பிரச்சினை அது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோதும் இதே பாடம்தான் கிடைத்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று வரிசையாக அழித்த அலை, தெற்கே பொத்துவிலுக்கு அண்மித்த கோமாரி வரையில் எந்த எல்லைக் கல்லையும் மதிக்கவில்லை. கோமாரி மாநகர எல்லைக்குள் அடங்காத தமிழ்க் கிராமம். பொத்துவில் பிரதேச சபையின் கீழ் வருவது. எனினும், பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரையான கரையோரத்தின் அரச சுகாதார சேவையை மேற்பார்வை செய்யும் பிராந்தியப் பணிமனை கல்முனையில்தான் இயங்குகின்றது. ஆதலால், கல்முனை என்ற நகரம் நோயுறின், கோமாரியில் இருப்பவரும் அதன் வலியை ஏதோவொரு வகையில் அறிவார். இந்தக் கரையோரத்துக்கு ஒரு நடுநகரம் தேவை. அந்நகரம் தனது உட்பூசலில் முடங்கிக் கிடப்பது வாக்காளர் பட்டியலில் இடம்பெறாதவர்களையும் பாதிக்கின்றது.

மாற வேண்டியவை

2012 மற்றும் 2017 ஆம் ஆண்டுகளின் திருத்தங்களோடு, வட்டார முறையும் விகிதாசார முறையும் கலந்த தேர்தல் 2018 முதல் நடைமுறைக்கு வந்தது. விருப்பு வாக்கு ஒழிந்தது. அறுதிப் பெரும்பான்மை பெற்ற கட்சி முதல்வரைப் பெயர் குறிக்கும், பெரும்பான்மை எவருக்கும் கிட்டாவிடின் சபையே வாக்கெடுப்பில் தெரிவு செய்யும். கல்முனையில் 2018 இல் அவ்வாறே றகீப் முதல்வராகவும், தமிழர் விடுதலைக் கூட்டணியின் காத்தமுத்து கணேஷ் பிரதி முதல்வராகவும் தெரிவாகினர். ஒரு முஸ்லிம் முதல்வரும் ஒரு தமிழ்ப் பிரதி முதல்வரும் ஒரே மேடையில் அமர்ந்த அக்காட்சி, எண்ணிக்கைக் கணக்கு எவ்வாறிருப்பினும், இந்நகரத்தில் எது சாத்தியம் என்பதைக் காட்டியது.

முறை மாறியதனால் மட்டும் மனப்போக்கு மாறிவிடாது. எனவே, அடுத்த தேர்தல் எப்போது நடைபெறினும், வாக்காளர்கள் வேட்பாளர்களிடமும் கட்சிகளிடமும் சில விடயங்களைக் கேட்டுப் பெற வேண்டியுள்ளது.

முதலாவது, முதல்வர் வேட்பாளர் எவர் என்பதைத் தேர்தலுக்கு முன்னரே கட்சிகள் அறிவிக்க வேண்டும். பதவியைப் பங்கிடும் எண்ணமிருப்பின் அதனையும் எழுத்தில், பகிரங்கமாக, வாக்களிப்புக்கு முன்னரே கூற வேண்டும். முடிவு வந்த பின்னர் மூடிய அறைக்குள் செய்யப்படும் பங்கீடு எந்தத் தலைவரால் செய்யப்படினும் ஏற்கத்தக்கதன்று.

இரண்டாவது, தெரிவான முதல்வருக்கு முழுப் பதவிக்காலமும் வழங்கப்பட வேண்டும். ஊழலோ திறமையின்மையோ நிரூபிக்கப்பட்டாலன்றி, கட்சியின் உள்வீட்டுக் கணக்குக்காக அவரை மாற்றக் கூடாது. ஊர்களுக்கிடையே நீதி தேவையாயின், அதனை நிதியொதுக்கீட்டிலும் வேலைத்திட்டங்களிலும் செய்யலாம். வட்டாரம் வட்டாரமாக எவ்வளவு சோலைவரி அறவிடப்பட்டது, எவ்வளவு செலவிடப்பட்டது என்பதை ஆண்டுதோறும் வெளியிட்டால், தனது ஊர் புறக்கணிக்கப்படுகின்றதா என்பதை எந்தக் குடிமகனும் தானே பார்த்துக்கொள்ள முடியும். சந்தேகம் வளர்வதற்கு இருட்டு வேண்டும்.

மூன்றாவது, எல்லைப் பிரச்சினையை முதல்வர் பதவியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். சாய்ந்தமருதின் கோரிக்கையையும் கல்முனை வடக்கின் கோரிக்கையையும் கல்முனை முஸ்லிம்களின் அச்சத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவதற்குத் தமிழ், முஸ்லிம் தலைமைகள் முன்வராவிடின், தேர்தல் காலத்து வர்த்தமானியும் நீதிமன்ற வழக்குமே தொடரும். வெளியிலிருந்து வரும் அமைச்சர் ஒருவரின் கையொப்பத்தால் இது தீராது என்பதை 2020 பெப்ரவரி ஐயத்துக்கிடமின்றி நிரூபித்துவிட்டது.

சிராஸ் மீராசாஹிபின் அரசியல் வாழ்வை ஒரு தனிமனிதரின் ஏற்றமாகவோ இறக்கமாகவோ மட்டும் பார்ப்பது பொருத்தமற்றது. ஊரின் உணர்வு அவரை உயர்த்தியது. கட்சியின் கணக்கு அவரை இறக்கியது. இவ்விரண்டுக்கும் இடையில், நகரத்தின் நிர்வாகி என்ற முறையில் அவர் செய்ததும் செய்யத் தவறியதும் எவராலும் கணக்கிலெடுக்கப்படவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் அதுவே நேர்ந்தது. ஒரு முதல்வரை அவரது ஊரைக் கொண்டும் கட்சியைக் கொண்டும் மட்டுமே அளக்கும் நகரம், நல்ல முதல்வர் ஒருவர் கிடைத்தாலும் அவரை அடையாளங்காணாது. தீயவர் ஒருவர் கிடைத்தாலும் அவரைத் தண்டிக்காது.

நாடு முழுவதும் வாக்களித்த 2025 மே 6 ஆம் திகதி கல்முனை வாக்காளர் தமது வீட்டில் இருந்தார். அவரது வாக்குரிமையை எந்த எதிரியும் பறிக்கவில்லை. அயலூரின் மீதான அவநம்பிக்கையும், தீர்வை ஒத்திவைத்துக்கொண்டே வந்த தலைமைகளின் சாமர்த்தியமும் சேர்ந்து அதனை மெல்ல மெல்லக் கரைத்தன. எந்த ஊர்க்காரர் கதிரையில் அமர்வார் என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டிருந்ததில், கதிரையே வெறுமையாகிப் போனதை நகரம் கவனிக்கவில்லை. அடுத்து ஒரு தேர்தல் வரும்போது, அக்கதிரையில் அமர்பவர் என்ன செய்யப் போகின்றார் என்பதைக் கேட்டு வாக்களிப்பதே, இழந்த ஆண்டுகளுக்கு இந்நகர மக்கள் செய்யக்கூடிய ஈடாகும்.